காட்சியும் குறியும்: வலைப்பக்கம் அமைக்கும் தொழிலின் இரு வழிகள்

வலைப்பக்கம் ஒன்றை உருவாக்க இன்று இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகிய இரு மொழிகளின் விதிகளைக் கற்று, பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் கையால் எழுதுவது முதல் வழி. திரையில் தெரியும் தலைப்புகளையும் படங்களையும் பெட்டிகளையும் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் அமர்த்தி, அவற்றுக்குரிய குறிகளை மென்பொருளே எழுதிக்கொள்ள விடுவது இரண்டாம் வழி. எச்டிஎம்எல் என்பது பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் தலைப்பா, பத்தியா, பட்டியலா, பொத்தானா என்பதைக் கோண அடைப்புக்குள் எழுதப்படும் குறிகளால் உணர்த்துவது. சிஎஸ்எஸ் என்பது அப்பகுதி எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியுடன் தோன்ற வேண்டும் என்பதை வரையறுப்பது. இரண்டாம் வழிக்குரிய மென்பொருளை இக்கட்டுரை காட்சித் தொகுப்பி என்று குறிப்பிடுகிறது. தொழிலில் இருப்போர் அதைப் பேஜ் பில்டர் என்றும் டிராக் அண்ட் டிராப் என்றும் சொல்வர்.

இவ்விரு வழிகளில் எது சிறந்தது என்னும் விவாதம் இத்தொழில் தோன்றிய நாள்முதல் நடந்துவருகிறது. இதில் நெடுங்காலம் உழைத்தவர்கள் அனுபவத்தில் கண்டறிவது என்னவென்றால், கருவியைப் பற்றியதாகத் தோன்றும் இவ்விவாதம் உண்மையில் பொறுப்பைப் பற்றியது என்பதே. வாசகரின் கருவிக்குச் சென்று சேர்வது வடிவமைத்தவர் தம் திரையில் கண்ட காட்சி அன்று, அக்காட்சிக்கு அடியில் உள்ள குறிகளே. அக்குறிகளைக் கொண்டு ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு கணினியும் பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் தத்தமக்கு ஏற்றவாறு பக்கத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. ஆகவே, குறிகளைக் கை எழுதினாலும் கருவி எழுதினாலும், எழுதப்பட்டதை வாசித்துச் சரிபார்க்கும் ஆற்றல் பக்கத்தை அமைப்பவருக்கு இன்றியமையாதது.

தொடக்கமும் பிரிவும்

காட்சித் தொகுப்பி பின்னாளில் வந்த சலுகை என்று பலர் கருதினாலும், வலையின் தொடக்கமே அதுதான் என்பது வரலாறு. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினியில் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைக் காட்டியதோடு அவற்றை அங்கேயே திருத்தவும் இடமளித்தது. குறிகளைக் கையால் எழுதும் தேவை பயனருக்கு எழாது என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் 1993-இல் வெளியாகி வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற மொசைக் உலாவி படிப்பதற்கு மட்டுமே உரியதாக அமைந்ததால், எழுதுவது தனி வேலையாகப் பிரிந்தது. அந்நாளில் தொழிலுக்கு வந்தவர்கள் நோட்பேட் போன்ற எளிய எழுத்துத் தொகுப்பியில் குறிகளை எழுதினர்; பிறர் பக்கங்களின் மூலக்குறிகளை உலாவியிலேயே திறந்து பார்த்துத் தமக்குத் தாமே பாடம் நடத்திக்கொண்டனர்.

இப்பிரிவை இணைக்கும் முயற்சியாக 1990-களின் நடுவில் காட்சித் தொகுப்பிகள் சந்தைக்கு வந்தன. வெர்மீர் என்னும் சிறு நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஃபிரண்ட்பேஜை அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மேக்ரோமீடியா 1997 டிசம்பரில் டிரீம்வீவரை வெளியிட்டது. தமிழ்நாட்டில் டிடிபி நிலையங்களில் பேஜ்மேக்கர் கொண்டு அழைப்பிதழும் மலரும் அமைத்துப் பழகியவர்கள் வலைத்தொழிலுக்கு மாறியபோது, இத்தகைய மென்பொருள்கள் அவர்களுக்கு இயல்பாகவே கைவந்தன. அச்சில் தாளின் அகலம் மாறாதது. அமைத்தவர் கண்டதையே வாசகரும் காண்பார். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் திரையையும் தாளாகவே எண்ணினர் என்பதில் வியப்பில்லை.

அவ்வெண்ணத்தின் விளைவு அக்காலப் பக்கங்களின் குறிகளில் பதிந்துள்ளது. புள்ளிவிவரங்களை நிரைகளாகவும் நெடுவரிசைகளாகவும் காட்டுவதற்கென உருவான அட்டவணைக் குறி, பக்கத்தையே கட்டங்களாகப் பிரிக்கப் பயன்படுத்தப்பட்டது. அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் மற்றொன்று என்று அடுக்கி, இடைவெளி வேண்டிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுள்ள ஜிஃப் படத்தை இழுத்து நிரப்பினர். இது காட்சித் தொகுப்பிகளின் பிழை மட்டும் அன்று. சிஎஸ்எஸ்ஸின் முதல் வரையறை 1996 டிசம்பரிலேயே வெளியானபோதும் உலாவிகள் அதை ஒழுங்காகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆனமையால், கையால் எழுதியவர்களும் அட்டவணையையே நம்பியிருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது: கையால் எழுதியவருக்கு எந்த அட்டவணை எதற்காக வந்தது என்பது தெரியும், இழுத்து அமைத்தவருக்கோ ஒரு பத்தியைச் சற்றே நகர்த்தியபோது எத்தனை கட்டங்கள் முளைத்தன என்பது தெரியாது. டேவ் ஷே 2003-இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளம், ஒரே எச்டிஎம்எல் பக்கத்தைச் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி முற்றிலும் வெவ்வேறு தோற்றங்களில் காட்டியபோதுதான், பொருளையும் தோற்றத்தையும் பிரித்து எழுதுவதன் பயனை இத்தொழிலினர் பலர் கண்கூடாகக் கண்டனர்.

ஒரு திரையின் காட்சி

ஈதன் மார்கோட் 2010 மே மாதத்தில் எழுதிய கட்டுரை, திரையின் அகலத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் பக்க அமைப்புக்கு ரெஸ்பான்சிவ் என்னும் பெயரை நிலைநிறுத்தியது. கைபேசி பெருகிய அக்காலத்தில், திரையைத் தாளாக எண்ணிய பழக்கம் மேலும் தாக்குப்பிடிக்க இயலாமல் போயிற்று. காட்சித் தொகுப்பிகளும் இதற்கு ஈடுகொடுத்துக் கணினி, டேப்லெட், கைபேசி என்று மூன்று அளவுகளில் பக்கத்தைக் காட்டும் வசதியைச் சேர்த்தன. எனினும் வாசகர்களின் திரைகள் மூன்று அளவுகளில் அடங்குவதில்லை. அம்மூன்றுக்கும் இடைப்பட்ட அகலங்களில்தான் தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் பொத்தான்கள் திரைக்கு வெளியே வழிவதும் நிகழ்கின்றன.

இவ்விடத்தில் பேஜ் பில்டர் கொண்டு வேலை செய்வோரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கத்தைக் கூர்ந்து நோக்குவது பயன்தரும். கணினிக்கென அமைத்த ஒரு பகுதி கைபேசியில் ஒழுங்காக அமையாதபோது, அதைத் திருத்துவதற்குப் பதிலாக அப்பகுதியை நகலெடுத்துக் கைபேசிக்கென வேறாக அமைத்து, முதலாவதைக் கைபேசியிலும் இரண்டாவதைக் கணினியிலும் மறைத்துவிடுகின்றனர். அதற்கான பொத்தான் தொகுப்பியிலேயே உள்ளது. காட்சி உடனே சரியாகிவிடும். ஆனால் மறைக்கப்பட்ட பகுதியும் வாசகரின் கருவிக்கு அனுப்பப்படுகிறது. ஒரே செய்தி குறிகளில் இருமுறை இடம்பெறுகிறது. எடுத்துக்காட்டாக, சில மாதங்கள் கழித்து ஒரு பள்ளியின் அலுவலர் சேர்க்கைக்குரிய கடைசி நாளைத் தம் கணினியில் திருத்தும்போது அங்கே தெரியும் பகுதி மட்டுமே மாறுகிறது. பெற்றோர் பெரும்பாலும் பார்க்கும் கைபேசிப் பகுதியில் பழைய நாளே நீடிக்கிறது. இத்தகைய பிழையைக் கணினித் திரையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. குறிகளைத் திறந்து பார்ப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

பக்கத்தின் எடையும் இதே தன்மையது. காட்சித் தொகுப்பி எந்தப் பொருளையும் எந்த இடத்திலும் வைக்க இடமளிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றையும் டிவ் எனப்படும் பொருளற்ற பொதுப்பெட்டிகளில் அடைத்துவைக்கிறது. ஒற்றை வரித் தலைப்பைச் சுற்றி ஐந்தாறு பெட்டிகள் அமைவதும், பயன்படுத்தப்படாத அசைவுகளுக்கும் நிழல்களுக்கும் உரிய கோப்புகள்கூடப் பக்கத்தோடு இறங்குவதும் வழக்கமாக இருந்தது. ஒரு பக்கத்தில் உள்ள கூறுகளின் எண்ணிக்கை 800-ஐக் கடந்தால் எச்சரிக்கவும் 1,400-ஐக் கடந்தால் பிழையெனக் காட்டவும் கூகுளின் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி வரையறை செய்தது. பேஜ் பில்டரில் அமைத்த முகப்புப் பக்கம் அவ்வெல்லையை எளிதில் தாண்டிவிடும். கூகுள் 2020-இல் அறிவித்த அளவுகோல்களின்படி, பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். வேகமான இணைப்புள்ள அலுவலகத்தில் இது பொருட்டாகத் தெரியாவிட்டாலும், விலை குறைந்த கைபேசியில் இணைப்பு தடுமாறும் ஊரிலிருந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு வீண்பெட்டியும் காத்திருப்பாக மாறுகிறது. இக்குறையை உணர்ந்து கருவிகளும் திருந்திவருகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, எலிமென்டர் என்னும் பேஜ் பில்டர் 2022-இல் கன்டெய்னர் என்னும் புதிய அமைப்பைக் கொண்டுவந்து பெட்டிகளின் அடுக்கைக் கணிசமாகக் குறைத்தது.

கண்ணுக்குத் தெரியாத வாசகர்

காட்சியை மட்டும் நம்பும் முறையின் கடுமையான விளைவு பார்வையற்ற வாசகரையே சென்றடைகிறது. எச்டிஎம்எல்லில் தலைப்புகளுக்கென எச்1 முதல் எச்6 வரை ஆறு படிநிலைக் குறிகள் உள்ளன. திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் நீண்ட பக்கத்தில் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல இவையே துணை. காட்சித் தொகுப்பியில் வேலை செய்பவர் சாதாரணப் பத்தி ஒன்றின் எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக மாற்றினால், பார்ப்பவருக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கு வெறும் பத்தி. எழுத்து சிறிதாக வேண்டும் என்பதற்காக எச்2-க்கு மாறாக எச்5-ஐத் தேர்ந்தெடுப்பதும் இவ்வாறே படிநிலையைக் குலைக்கிறது. பொத்தானின் நிலையும் இதுவே. பொத்தானுக்குரிய குறியில் எழுதப்பட்டதை விசைப்பலகையால் எட்டலாம், அழுத்தலாம். வண்ணம் பூசிய டிவ் பெட்டியைச் சுட்டியால் மட்டுமே தொட முடியும். உரிய குறியை எழுதுவதற்குக் கூடுதல் உழைப்பும் தேவையில்லை, அது இருப்பதை அறிந்திருந்தால் போதும்.

தமிழ்ப் பக்கங்களில் காட்சிக்கும் குறிக்கும் உள்ள இடைவெளி இன்னும் ஆழமானது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் கொண்டிருந்தது. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் எந்த எண் உரியது என்னும் ஏற்பாடு. அன்றைய பக்கங்கள் பலவற்றில் எழுத்துரு மட்டுமே தமிழ் வடிவம் காட்டியது. அடியில் சேமிக்கப்பட்டிருந்தவை ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்கள். திரையில் தமிழாகத் தெரிந்த அப்பக்கத்தைத் தேடுபொறியால் தமிழாக அறிய இயலவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிக்கூட்டமாகவே விரிந்தது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்று ஒழுங்குபடுத்த முயன்றதும், 2010-இல் ஒருங்குறியை ஏற்றதும் இக்குழப்பத்துக்குத் தீர்வு காணவே.

ஒருங்குறி வந்த பின்னரும் சிக்கல் வேறு வடிவில் தொடர்ந்தது. பக்கத்தின் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அமைக்கப்படாத நிலையில், தொகுப்பி தமிழ் எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமித்துவிடும். ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளால் ஆனது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட் கொள்ளும். எண்களாக மாறினால் அதே சொல் தமிழ் என்று விரிந்து 35 பைட்டை நிரப்பும். உலாவியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பிழை திருத்துவதற்காக மூலத்தைத் திறப்பவர் ஒரு சொல்லையும் படிக்க முடியாமல் எண்களின் குவியலை எதிர்கொள்வார்.

இன்றைய பேஜ் பில்டர்களின் ஆயத்த வடிவமைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு அமைந்தவை. தலைப்புகளில் எழுத்திடைவெளியை எதிர்மறையாக்கி நெருக்குவதும், வரி உயரத்தை எழுத்தளவின் 1.1 மடங்காகக் குறுக்குவதும் அவற்றில் வழக்கம். தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடங்கும்போது, மேல்வரியிலுள்ள ‘மூ’, ‘ஞு’ ஆகியவற்றின் கீழ்வளைவுகள் கீழ்வரியிலுள்ள ‘கீ’, ‘தி’ ஆகியவற்றின் மேற்கொக்கிகளோடும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளோடும் மோதுகின்றன. எழுத்திடைவெளியைச் சுழியமாக்கி, வரி உயரத்தைத் தலைப்புக்கு ஏறத்தாழ 1.4 என்றும் பத்திகளுக்கு 1.7 என்றும் வைத்தால் பக்கம் மூச்சுவிடத் தொடங்கும். ஆயத்த வடிவமைப்பு தேர்ந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாதபோது, உலாவி அக்கருவியில் உள்ள வேறோர் எழுத்துருவைக் கொண்டு நிரப்பும். விண்டோஸ் கணினியில் நிர்மலாவும் ஆண்ட்ராய்டு கைபேசியில் நோட்டோவும் வந்து அமர, அமைத்தவர் கண்ட அகலமும் தடிப்பும் வாசகரிடம் வேறாகிவிடுகின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்பதைத் தொடக்கக் குறியிலேயே அறிவிக்காவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறவும் கூடும். இவற்றில் எதைத் திருத்தவும் பெரிய நிரலறிவு வேண்டியதில்லை, நான்கு வரி சிஎஸ்எஸ்ஸும் ஒரு குறியும் போதும்.

கையெழுத்தின் எல்லை

இவ்வளவும் கூறியதால் கையால் எழுதுவதே எக்காலத்தும் உயர்ந்தது என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. கையால் எழுதிய பக்கத்தையும் பெட்டிக்குள் பெட்டியாக வீணாக்கலாம். தலைப்புக்குரிய குறி இன்னதென அறியாதவர் நோட்பேடில் எழுதினாலும் அறியாதவரே. அதனினும் முக்கியமானது தளத்தின் பிற்கால வாழ்வு. ஒரு ஜவுளிக்கடையின் தளத்தைக் கையால் மிக நேர்த்தியாக எழுதிக் கொடுத்துவிட்டு அமைத்தவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால், ஆடித் தள்ளுபடி அறிவிப்பைச் சேர்க்கவும் தொலைபேசி எண்ணை மாற்றவும் கடைக்காரருக்கு வழி இருக்காது. இரண்டு ஆண்டுகளில் அத்தளம் பழைய செய்திகளைத் தாங்கிய வெற்றுப் பலகையாகிவிடும். நிரல் அறியாதவர் தம் சொந்தச் செய்தியைத் தாமே வெளியிட முடிவது காட்சித் தொகுப்பி அளித்த பெரும் விடுதலை. பள்ளிகளும் சிறு வணிகர்களும் சங்கங்களும் அதனால்தான் வலையில் நிலைத்திருக்கின்றன.

ஆனால் அவ்விடுதலையிலும் ஒரு கட்டு உண்டு. சில பேஜ் பில்டர்கள் பக்கத்தைத் தமக்கு மட்டுமே புரியும் சுருக்கக் குறியீடுகளாகத் தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. உரிமம் புதுப்பிக்கப்படாமலோ வேறு காரணத்தாலோ அந்தப் பேஜ் பில்டர் நிறுத்தப்படும் நாளில், சதுர அடைப்புக்குறிகள் நிறைந்த குப்பையே பக்கம் முழுதும் எஞ்சும். தள மேலாண்மை மென்பொருளான வேர்ட்பிரஸின் 2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பில் இடம்பெற்ற குட்டன்பர்க் தொகுப்பி இதற்கு மாறான வழியைத் தேர்ந்தது: பத்திகளையும் தலைப்புகளையும் சாதாரண எச்டிஎம்எல்லாகவே சேமித்து, தொகுப்பிக்குத் தேவையான செய்திகளை உலாவி பொருட்படுத்தாத குறிப்புரைகளாக மட்டும் இடையில் வைக்கிறது. நாளை அத்தொகுப்பி இல்லாமல் போனாலும் எழுதியவை எழுதியபடியே படிக்கக் கிடைக்கும். கருவியைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதன் அலங்காரங்கள் எத்தனை என்பதன்று, அது விலகிய பின் எது எஞ்சும் என்பதே.

நீண்ட அனுபவம் இத்தொழிலினரைக் கொண்டுசேர்க்கும் முறை இவ்விரண்டையும் அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதாகும். தளத்தின் சட்டகத்தை, அதாவது தலைப்புப் படிநிலை, வழிகாட்டிப் பட்டை, எழுத்துரு, வண்ணம், வெவ்வேறு அகலங்களுக்குரிய அமைப்பு ஆகியவற்றை, நிரல் அறிந்தவர் கையால் எழுதுகிறார்; அதற்குள் செய்தியும் படமும் விலையும் மாற்றும் பணியைக் காட்சித் தொகுப்பி வழியே தளத்துக்கு உரியவர் செய்கிறார். 2021 ஜூலையில் வெளியான வேர்ட்பிரஸ் 5.8 முதல், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வண்ணங்களையும் எழுத்தளவுகளையும் ஒரே கோப்பில் வரையறுத்துவிட முடிகிறது. தளத்துக்கு உரியவர் செய்தியில் எதை மாற்றினாலும் சட்டகம் குலையாது. வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அதன் மறைந்த வடிவக்குறிகளும் உடன்வரும் என்பதால், வடிவமின்றி ஒட்டும் பழக்கத்தை ஒப்படைக்கும்போதே கற்றுக்கொடுப்பதும் இம்முறையின் பகுதி.

ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. உலாவிச் சாளரத்தை மெல்ல மெல்லக் குறுக்கி எந்த அகலத்தில் அமைப்பு உடைகிறது என்று பார்ப்பது. சுட்டியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் பக்கம் முழுவதையும் கடப்பது. சிஎஸ்எஸ்ஸை நீக்கிய நிலையில் செய்திகள் வரிசை பிறழாமல் வருகின்றனவா என்று படிப்பது. மூலக்குறிகளைத் திறந்து தலைப்புகளை மட்டும் தொடர்ந்து வாசிப்பது. தளத்தின் நகல் ஒன்றில் பேஜ் பில்டரை நிறுத்திவிட்டு எஞ்சுவதைக் காண்பது. கையால் எழுதிய தளத்துக்கும் இழுத்து அமைத்த தளத்துக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொது. வேண்டியதைச் சொற்களால் சொன்னால் நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் பக்கங்களும் இச்சோதனைகளுக்கு விலக்கல்ல.

இத்தொழிலைக் கற்க வருவோர் முதல் சில பக்கங்களையேனும் எந்தத் தொகுப்பியின் துணையுமின்றிக் கையால் எழுத வேண்டும்; பயிற்றுவிப்போர் அதற்குரிய காலத்தைப் பாடத்திட்டத்தில் ஒதுக்க வேண்டும். அதன்பின் வேகத்துக்காக எந்தக் காட்சித் தொகுப்பியையும் ஏற்பதில் குற்றமில்லை. கருவி எழுதியதை வாசிக்கத் தெரியாதவர் பிறருடைய பணத்தைப் பெற்றுத் தளம் அமைத்துத் தருவதே இத்தொழிலில் தவிர்க்க வேண்டிய குற்றம்.